வியாபாரி செனட்டரான கதையை எழுதும்போது சறுக்கும் இடங்கள்

போன மாதம் மூன்று கட்டுரைகள் திருத்தத்துக்காக என் மேசைக்கு வந்தன. எழுதிய மூவரும் வாழ்க்கைக் குறிப்பு எழுதப் புதிதாகப் பழகுகிறவர்கள். மூவருக்கும் நான் கொடுத்த ஆள் ஒருவர்தான்: ஃபிராங்க் லாட்டன்பெர்க். சம்பளக் கணக்கு போட்டுத் தரும் ஏடிபி என்ற நிறுவனத்தின் தலைவராக இருந்துவிட்டு, 58 வயதில் நியூ ஜெர்சி மாநிலத்திலிருந்து அமெரிக்க செனட்டுக்குப் போனவர். அவரை வேண்டுமென்றேதான் கொடுத்தேன். சில வருடங்களுக்கு முன் அவரைப் பற்றி எழுதப் போய் நான் நன்றாக விழுந்து எழுந்திருக்கிறேன். இவர்களாவது தப்பிக்கிறார்களா பார்ப்போம் என்று ஒரு ஆசை. தப்பிக்கவில்லை. அதே குழி, அதே கால்.

பெயரைத் தப்பாக எழுதுவது, பிறந்த தேதியை மாற்றிப் போடுவது பற்றியெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. (1924 ஜனவரி 23, பேட்டர்சன் நகரம். சரிபார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.) எழுதி முடித்து, திரும்பப் படித்தாலும் கண்ணுக்குத் தெரியாத தவறுகள் சில உண்டு. அவற்றைத்தான் சொல்கிறேன்.

‘நிறுவனர்’ என்று எழுதுவது

மூன்று கட்டுரைகளிலும் இரண்டாம் பத்தியிலேயே அந்தச் சொல் உட்கார்ந்திருந்தது. “ஏடிபி நிறுவனத்தைத் தொடங்கி, கடின உழைப்பால் வளர்த்து...” என்று ஒருவர். “ஏடிபியின் நிறுவனரான லாட்டன்பெர்க்” என்று இன்னொருவர். மூன்றாமவர் கொஞ்சம் உஷார். “ஏடிபி என்ற சாம்ராஜ்யத்தை உருவாக்கினார்” என்று பட்டும் படாமல் எழுதியிருந்தார். மூன்றும் ஒன்றுதான்.

ஏடிபியைத் தொடங்கியவர் ஹென்றி டாப். 1949இல், பேட்டர்சனில், ஒரு ஐஸ்கிரீம் கடைக்கு மேல் மாடியில். அப்போது அவருக்கு 21 வயது, கணக்காளர். ஒரு கம்பெனியில் கணக்கெழுதுகிறவர் உடம்பு சரியில்லாமல் படுத்துவிட்டதால் தொழிலாளர்களுக்குச் சம்பளம் போடாமல் போனதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்பார்கள். நிறுவனத்தின் முதல் பெயர் ஆட்டோமேட்டிக் பேரோல்ஸ். பெயரில்தான் ‘ஆட்டோமேட்டிக்’, வேலை முழுக்கக் கையால். அவர் தம்பி ஜோ டாப்பும் சேர்ந்துகொண்டார். நம்ம ஆள் வந்தது அதற்கு அப்புறம், 1952 வாக்கில். ஆயுள் காப்பீடு விற்றுக்கொண்டிருந்தவர் இங்கே விற்பனையாளராகச் சேர்ந்தார். அதாவது, நிறுவனத்துக்கு வாடிக்கையாளர் பிடித்துக் கொடுக்கிற வேலை. பிறகு பங்குதாரர் ஆனார். 1961இல் நிறுவனம் பங்குச் சந்தைக்குப் போனது. 1975இல்தான் தலைமைச் செயல் அதிகாரி நாற்காலி.

இது எனக்கு எப்படித் தெரியும்? அடிபட்டுத் தெரியும்.

தொழிலதிபராக இருந்து அரசியலுக்கு வந்தவர்கள் என்று சிறு நூல் வரிசை ஒன்றுக்கு எழுதிக் கொடுத்தேன். ஆளுக்குப் பதினாறு பக்கம். லாட்டன்பெர்க் புத்தகத்தின் முதல் வரியே “ஏடிபி நிறுவனர்” என்றுதான் தொடங்கும். பின்னட்டையிலும் அதே. ஆங்கிலக் கட்டுரை ஒன்றில் படித்தேன், எழுதினேன். இரண்டாவது இடத்தில் பார்க்கவில்லை. புத்தகம் வந்து பத்து நாளில் பதிப்பகத்துக்கு ஒரு தபால் அட்டை. ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தார்: “லாட்டன்பெர்க் அந்தக் கம்பெனியைத் தொடங்கவில்லை. விற்கப் போனவர். தொடங்கினவர் பெயரைத் தங்கள் புத்தகத்தில் ஓரிடத்திலும் காணோம்.”

கடைசி வாக்கியம்தான் குத்தியது. அவர் சொன்னது சரி. பதினாறு பக்கத்தில் ஹென்றி டாப் இல்லவே இல்லை. ஒரு ஆளுக்குப் பட்டம் கட்ட இன்னொரு ஆளை அழித்திருக்கிறேன்.

பதிப்பாளர் அண்ணாச்சி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “தம்பி, விக்காத பிரதி 1,200 இருக்கு. சீட்டு அடிச்சுத் தர்றேன், வந்து ஒட்டிருங்க” என்றார். மூன்று நாள், கிடங்கில், மைதாப் பசையும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்து ஒட்டினேன். பின்னட்டைக்கு ஒரு சீட்டு, முதல் பக்கத்துக்கு ஒரு சீட்டு. 2,400 சீட்டு. பசை காய்வதற்குள் அடுக்கினால் புத்தகமும் புத்தகமும் ஒட்டிக்கொள்ளும். அப்படிப் போனது நாற்பது பிரதி. சீட்டு அடித்த காசையும் அந்த நாற்பதையும் எனக்கு வரவேண்டிய தொகையில் கழித்துக்கொண்டார். இன்றும் பழைய புத்தகக் கடையில் அந்த நூலைப் பார்த்தால் அந்தச் சீட்டைத் தடவிப் பார்ப்பேன். சில இடங்களில் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும். கீழே ‘நிறுவனர்’ எட்டிப் பார்க்கும்.

காசு போனது பெரிதில்லை. அந்த ஒரு சொல்லால் புத்தகமே கோணலாகிவிட்டது, அதுதான் எரிச்சல்.

ஏன் எல்லோரும் இதை எழுதுகிறோம்? வறுமை, உழைப்பு, சொந்தக் கம்பெனி, பதவி என்று ஒரு அச்சு நம் மண்டைக்குள் தயாராக இருக்கிறது. லாட்டன்பெர்க்கின் சிறுவயது அதற்கு வாகாகவும் இருக்கிறது. போலந்திலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வந்து குடியேறிய யூதக் குடும்பங்கள். அப்பா பட்டாலையில் வேலை பார்த்தார், நிலக்கரி விற்றார், மதுக்கடை நடத்தினார், எதுவும் நிலைக்கவில்லை. வீடு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். மகனுக்கு 19 வயதாகும்போது அப்பா புற்றுநோயில் போய்விட்டார். இவ்வளவு எழுதிவிட்டு “பிறகு விற்பனையாளராகச் சேர்ந்தார்” என்றால் கதை சப்பென்று ஆகிவிடும் என்று கை பயப்படுகிறது. ‘நிறுவனர்’ என்று போட்டால் நிமிர்ந்து நிற்கிறது. அந்த நிமிர்வுக்காகத்தான் பொய் சொல்கிறோம்.

சப்பென்று தோன்றுகிற அந்த விற்பனையாளர் வேலையில்தான் பின்னாளைய செனட்டர் இருக்கிறார். யோசித்துப் பாருங்கள். சம்பளக் கணக்கு என்பது எந்த முதலாளியும் வெளியாளிடம் காட்ட விரும்பாத நோட்டு. யாருக்கு எவ்வளவு, யாருக்குப் பிடித்தம், கையில் எவ்வளவு ஓடுகிறது, எல்லாம் அதில் இருக்கும். கடை கடையாகப் போய் அந்த நோட்டை வாங்கிக்கொண்டு வருவதுதான் இவர் வேலை. நல்லது கெட்டது பேசி அதை வாங்க முடியாது. பணம் எங்கே மிச்சம், எங்கே நஷ்டம் என்று காட்டித்தான் வாங்க முடியும்.

இப்போது 1984க்கு வாருங்கள். லாட்டன்பெர்க் முதல் தவணை செனட்டர், அதுவும் செனட்டில் அப்போது எண்ணிக்கை குறைந்திருந்த ஜனநாயகக் கட்சியில். மது வாங்கும் வயதை நாடு முழுக்க 21 ஆக்க வேண்டும். மதுவை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலங்களிடம் இருப்பதால் வாஷிங்டன் நேரடியாக உத்தரவு போடுவது சிக்கல். அவர் முன்னின்று கொண்டுவந்த சட்டம் உத்தரவு போடவில்லை. வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் முதல் வருடம் 5 சதவீதம், அடுத்து 10 சதவீதம் நிறுத்தப்படும் என்றது, அவ்வளவுதான். குடியரசுக் கட்சி அதிபர் ரீகன் கையெழுத்திட்டார். தெற்கு டகோட்டா மாநிலம் வழக்குப் போட்டது; 1987இல் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று சட்டத்தை ஏற்றது. 1988இல் கடைசி மாநிலமான வயோமிங்கும் இறங்கி வந்தது. சம்பளத்தில் பிடித்தம் போடுவது எப்படி என்று முப்பது வருடம் பார்த்தவர் மாநிலங்களுக்கே பிடித்தம் போட்டார் என்று நான் எழுதியிருக்கலாம். எழுத முடியவில்லை. என் புத்தகத்தில் அவர்தான் சாம்ராஜ்யம் கட்டிய நிறுவனராயிற்றே.

விமானத்தில் புகைபிடிக்கத் தடையும் இப்படித்தான். போக்குவரத்துத் துறைக்கான நிதி மசோதாவோடு ஒட்டிக்கொண்டு போனது. பிரதிநிதிகள் சபையில் டிக் டர்பின், செனட்டில் இவர். 1988இல் இரண்டு மணி நேரத்துக்கு உட்பட்ட உள்நாட்டு விமானங்களில் மட்டும். 1990இல் ஆறு மணி நேரம் வரை. அதாவது கிட்டத்தட்ட எல்லா உள்நாட்டு விமானங்களிலும். முதலில் சின்னதாக ஒன்றை விற்று, வாங்கியவர் பழகியதும் பெரியதை நீட்டுவது. இதை எந்த விற்பனையாளரிடம் கேட்டாலும் சொல்வார்.

ஆகவே ஒரு வியாபாரியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இரண்டு வருடங்களை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: கம்பெனி தொடங்கிய வருடம், இவர் உள்ளே வந்த வருடம். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால், உள்ளே வந்த அன்று இவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார் என்று தேடுங்கள். தேர்தல் பிரசாரத் துண்டறிக்கையில் அது இருக்காது. கம்பெனியின் பழைய வரலாற்றில் இருக்கும்.

“சுயமாக முன்னேறியவர்”

இந்தத் தொடரை எழுதுமுன், போர்வீரர்களின் படிப்புக்கு அரசு பணம் கொடுத்த 1944ஆம் ஆண்டின் ஜிஐ சட்டத்தைப் பற்றி ஒரு பத்தி படித்துவிட்டு வாருங்கள். லாட்டன்பெர்க் இரண்டாம் உலகப்போரில் ராணுவத்தின் சிக்னல் படைப்பிரிவில் ஐரோப்பாவில் இருந்தார். திரும்பி வந்தவரைக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்க வைத்தது அந்தச் சட்டத்தின் பணம். 1949இல் பட்டம். அவரே இதை வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். 2008இல் புதிய தலைமுறைப் படைவீரர்களுக்கான கல்விச் சட்டத்தை ஜிம் வெப் கொண்டுவந்தபோது கூட நின்றவர்களில் இவரும் ஒருவர். அரசாங்கப் பணத்தில் படித்தேன் என்று அவர் சொல்கிறார். இல்லை, நீங்கள் தனியாகத்தான் ஏறினீர்கள் என்று நாம் அடம்பிடிக்கிறோம்.

காங்கிரஸ்

அங்கே அது கட்சி இல்லை. நாடாளுமன்றம்.

“லாட்டன்பெர்க் திருத்தம்” ஒன்றுதான் என்று நினைப்பது

இரண்டு இருக்கின்றன. தேடினால் இரண்டும் ஒரே பெயரில் வந்து நிற்கும். மூவரில் ஒருவர் இரண்டையும் கலந்து ஒரு வாக்கியம் எழுதியிருந்தார்: “சோவியத் அகதிகள் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடைசெய்யும் திருத்தம்.” படித்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம் அவருக்கு போன் போட்டேன். “சார், ரெண்டு பக்கத்துலயும் அதே பேர்தான் சார் இருக்கு” என்றார் பாவம்.

முதலாவது 1989இல் வந்தது. சோவியத் யூனியனிலிருந்து வெளியேற விரும்பிய யூதர்கள், சுவிசேஷக் கிறிஸ்தவர்கள் போன்றவர்கள் அகதி அந்தஸ்து பெறுவதை எளிதாக்கியது. இந்தோசீனாவிலிருந்து வந்த சில பிரிவினருக்கும் பொருந்தியது. பின்னர் ஈரானின் மதச் சிறுபான்மையினருக்கும் விரிந்தது. இரண்டாவது 1996. குடும்ப வன்முறை வழக்கில் தண்டனை பெற்றவர், அது சிறு குற்றப் பிரிவில் வந்தாலும், துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. போலீஸ்காரருக்கும் ராணுவ வீரருக்கும் விலக்குக் கிடையாது, சர்ச்சையே அதனால்தான்.

இரண்டும் தனிச் சட்டங்களாக வரவில்லை, நிதி ஒதுக்கீட்டு மசோதாக்களில் ஏறி வந்தன. முதல் திருத்தம் வெளிநாட்டு உதவிக்கான மசோதாவில், இரண்டாவது ஒட்டுமொத்தச் செலவு மசோதாவில். அரசாங்கம் நடக்க வேண்டுமென்றால் அந்த மசோதா நிறைவேறியே ஆகவேண்டும். அதோடு இதுவும் போய்ச் சேரும். வருடத்தைப் போடாமல் ‘லாட்டன்பெர்க் திருத்தம்’ என்று எழுதவே எழுதாதீர்கள்.

செனட்டரை “எம்.பி.” என்பது

வேண்டாம். செனட்டர் என்றே எழுதுங்கள். தமிழ் வாசகருக்குப் புரியும்.

“1982 முதல் 2013 வரை செனட்டராக இருந்தார்”

நடுவில் இரண்டு வருடம் காணாமல் போகிறது. அந்த இரண்டு வருடம்தான் அவர் கதையிலேயே ருசியான பகுதி.

தொடக்கத்திலேயே ஒரு சின்னக் குழப்பம் உண்டு. 1982 நவம்பரில் ஜெயித்தவர் வழக்கப்படி 1983 ஜனவரியில்தான் பதவியேற்க வேண்டும். அந்த இடத்தில் இருந்த ஹாரிசன் வில்லியம்ஸ் அப்ஸ்காம் லஞ்ச வழக்கில் சிக்கிப் பதவி விலகியிருந்தார். இடைக்கால ஏற்பாடாக வந்த நிக்கலஸ் பிரேடி டிசம்பரிலேயே நகர்ந்துகொண்டதால் லாட்டன்பெர்க் டிசம்பர் 27ஆம் தேதியே உள்ளே போனார். ஒரு வாரம்தானே என்று நினைக்காதீர்கள். செனட்டில் யார் மூத்தவர் என்பதை நாள் கணக்கில்தான் பார்ப்பார்கள். அதே தேர்தலில் ஜெயித்து ஜனவரியில் வந்தவர்களுக்கு இவர் சீனியர்.

2000இல் போட்டியிடவில்லை. தேர்தலுக்குப் பணம் திரட்டி அலுத்துப்போய் ஒதுங்கினார். அந்த இடத்துக்கு ஜான் கார்சைன் வந்தார். அவரும் வியாபார உலகத்து ஆள்தான், கோல்ட்மேன் சாக்ஸின் முன்னாள் தலைவர். சொந்தப் பணத்தில் 6 கோடி டாலருக்கும் மேல் இறைத்து ஜெயித்தார். லாட்டன்பெர்க் வீட்டில் உட்கார்ந்தார். உட்கார முடியவில்லை.

2002 செப்டம்பர் 30. நியூ ஜெர்சியின் இன்னொரு செனட்டர் ராபர்ட் டாரிசெல்லி, நெறிமுறைப் புகார்களில் அடிபட்டு, தேர்தலுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது போட்டியிலிருந்து விலகினார். வேட்பாளரை மாற்றும் கெடு முடிந்துவிட்டது. மாநில உச்ச நீதிமன்றம் மாற்றலாம் என்றது. கட்சி 78 வயது லாட்டன்பெர்க்கைக் கூப்பிட்டது; வந்தார், ஜெயித்தார். ஆனால் 2003 ஜனவரியில் பணிமூப்புக் கணக்கில் புதுமுகங்களோடு போய் நின்றார். 18 வருட அனுபவத்துக்குக் குழுக்களில் முன்னுரிமை கிடைக்கவில்லை. அதைவிட வேடிக்கை, தன்னுடைய பழைய இடத்தில் உட்கார்ந்திருந்த கார்சைனுக்கு இவர் ஜூனியர்.

“1982 முதல் 2013 வரை” என்ற ஒரு கோட்டுக்குள் இத்தனையும் செத்துப்போகும். 1982–2001, 2003–2013 என்று எழுதுங்கள். அந்த இடைவெளியைப் பார்த்து வாசகரே ஏன் என்று கேட்பார்.

வயதை வைத்துக் கணக்குத் தீர்ப்பது

1982இல் அவர் தோற்கடித்தவர் மில்லிசென்ட் ஃபென்விக், பைப் புகைக்கும், நாடறிந்த குடியரசுக் கட்சிப் பெண்மணி. வயது 72. அந்த வயது பிரசாரத்தில் ஒரு பேச்சாக இருந்தது, லாட்டன்பெர்க் தரப்பிலிருந்துதான். இருபது வருடம் கழித்து இவர் 78 வயதில் நின்றபோதும், 2008இல் 84 வயதில் உட்கட்சித் தேர்தலைச் சந்தித்தபோதும் அதே அம்பு திரும்பி வந்தது.

எழுதுகிறவருக்கு இது கரும்பு. “விதைத்ததை அறுத்தார்” என்று முடிக்கக் கை பரபரக்கும். நான் முடித்தேன். ஆனால் அவர் அறுக்கவில்லையே! இரண்டு முறையும் ஜெயித்தார். மூன்று வயதையும் எண்ணாகப் போட்டுவிட்டு நகருங்கள்.

1961இன் டாலரை இன்றைய ரூபாய்க்கு மாற்றுவது

பங்குச் சந்தைக்குப் போனபோது ஏடிபியின் வருமானம் சுமார் 4 லட்சம் டாலர், 125 ஊழியர்கள். “மூன்று கோடி ரூபாய்” என்று அடைப்பில் போட்டிருந்தார் ஒருவர். அன்றைக்கு டாலர் 4 ரூபாய் 76 பைசா. 19 லட்சம் வருகிறது. மாற்றாமல் டாலராகவே விட்டுவிடுங்கள்.

“நினைவாக”

அவர் பெயரில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது, ஒரு சட்டமும் இருக்கிறது. மூவருமே இரண்டையும் குழப்பியிருந்தார்கள்.

சட்டம் 2016 ஜூன் மாதம் ஒபாமா கையெழுத்திட்டது. வேதிப்பொருள்களின் பாதுகாப்பு பற்றிய, 1976ஆம் ஆண்டின் பழைய சட்டத்தைத் திருத்துவது. “2016இல் லாட்டன்பெர்க் கொண்டுவந்த சட்டம்” என்று ஒரு கட்டுரையில் இருந்தது. அவர் 2013 ஜூன் 3ஆம் தேதி, 89 வயதில் இறந்துவிட்டார். செனட்டில் மிஞ்சியிருந்த கடைசி இரண்டாம் உலகப்போர் வீரர். இறப்பதற்கு இரண்டு வாரம்கூட இல்லாதபோது, குடியரசுக் கட்சியின் டேவிட் விட்டரோடு சேர்ந்து அந்தத் திருத்தத்தின் முதல் வடிவை அறிமுகப்படுத்தினார். மூன்று வருடம் மற்றவர்கள் இழுத்துக்கொண்டுபோய்ச் சேர்த்து, அவர் பெயரை வைத்தார்கள். இதுதான் ‘நினைவாக’.

ரயில் நிலையம் அப்படியல்ல. நியூ ஜெர்சியின் செக்காக்கஸ் சந்திப்பு 2003இல் திறந்தது. அவர் உயிரோடு இருக்கும்போதே அவர் பெயரில். ரயிலுக்காக வாழ்நாளெல்லாம் நிதி கேட்டுக்கொண்டிருந்தவர். “அவர் நினைவாகப் பெயர் சூட்டப்பட்ட நிலையம்” என்று எழுதிவிட்டால், 2013 ஜூனில் நடந்ததை எழுத உங்களுக்கு வழியில்லாமல் போகும். நியூயார்க்கில் இறுதிச் சடங்கு முடிந்ததும் அவர் உடலைச் செக்காக்கஸுக்குக் கொண்டுவந்தார்கள். தன் பெயர் எழுதியிருந்த அந்த நிலையத்திலிருந்துதான் அவர் கடைசியாக வாஷிங்டனுக்கு ஆம்ட்ராக் ரயில் ஏறினார்.